ஹாலோவீன் இரவுக்கும் இலையுதிர்கால மாலைகளுக்கும் இசைத்தட்டுகள்: கூடிக் கேட்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டொராண்டோவில் அக்டோபர் 31ஆம் தேதி மாலை ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடுகிறது. மேப்பிள் மரங்கள் பாதி இலையை உதிர்த்துவிட்டு நிற்க, வாசற்படிகளில் குடைந்த பரங்கிக்காய்களுக்குள் விளக்கு எரிய, வேடமணிந்த குழந்தைகள் மிட்டாய்க்காகப் பையை விரித்துக்கொண்டு வீடு வீடாக வருகிறார்கள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற எல்லையைக் குறித்த பழைய கெல்டிக் விழாவிலிருந்து கிளைத்த ஹாலோவீன் என்ற இந்த வழக்கத்தை, 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு இங்கே குடைவதற்கு எளிதான பரங்கிக்காய் கிடைத்தது.

இந்த இரவுக்கென்று பாடல்களைத் திரட்டித் தரும் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேய், சூனியக்காரி, இரத்தம் என்று தலைப்பில் வருகிற பாடல்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஒலிக்கவிட்டால், அரை மணி நேரத்தில் அச்சமும் போய்விடும், வேடிக்கையும் போய்விடும். சில ஆண்டுகளாக என் வீட்டில் நண்பர்களைக் கூட்டி இசைத்தட்டு கேட்டுவரும் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: ஹாலோவீன் என்பது ஒரே மனநிலை அன்று, அந்தி மெல்ல மெல்ல இருட்டாவதைப் போல மாறிக்கொண்டே போகிற மூன்று மனநிலைகள். பாடல்களைத் தேர்வதைக் காட்டிலும் அவற்றை அந்த மாற்றத்தின் போக்கில் வரிசைப்படுத்துவதிலேயே மாலையின் அழகு இருக்கிறது. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த எண்ணத்திலிருந்தே பிறந்தவை.

முதற்படி: மாலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை வாசற்கதவு அடைபடாது. குழந்தைகள் வந்தவண்ணம் இருப்பார்கள், வீட்டிலுள்ளவர்கள் எழுவதும் உட்காருவதுமாக இருப்பார்கள். இந்த வேளையில் கவனித்துக் கேட்க வேண்டிய எதையும் போடுவது வீண். சிரிப்பும் துள்ளலும் உள்ள குறும்புப் பாடல்களுக்கே இது நேரம்.

எட்டு மணிக்கு வாசல் விளக்கை அணைத்தால், இனி மிட்டாய் இல்லை என்று தெருவுக்குப் புரிந்துவிடும். அப்போது தொடங்குகிறது இரண்டாம் பகுதி. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், உட்கார்ந்து, பேச்சைக் குறைத்துக் கேட்பதற்கான இருண்ட இசை. அதற்குப் பிறகு, ஒன்பதரை மணி அளவில், அச்சத்தை விட்டுவிட்டுப் பருவத்துக்குத் திரும்ப வேண்டும். உதிர்ந்த இலை, குளிர்ந்த காற்று, நிலவு, சற்றே துயரம். இந்த மூன்றாம் பகுதியைப் பெரும்பாலோர் அமைப்பதே இல்லை. என் கூட்டத்துக்கு வருபவர்கள் மறுநாள் தொலைபேசியில் கேட்பது பெரும்பாலும் இந்தப் பகுதியில் ஒலித்த தட்டின் பெயரைத்தான்.

இரண்டாம் படி: அழைப்பும் நிபந்தனையும்

ஆறு பேர் முதல் எட்டுப் பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவருடைய தேர்வுக்கும் நேரம் கிடைக்காது. இரண்டு வாரத்துக்கு முன்பே அழைத்து, ஒவ்வொருவரும் இரண்டு தேர்வுகளைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: ஒன்று அச்சத்துக்கு, மற்றொன்று இலையுதிர்காலத்துக்கு. தட்டு இல்லாதவர் பாடலின் பெயரை முன்கூட்டித் தெரிவித்தால், கைப்பேசியிலிருந்து ஒலிக்கச் செய்ய ஒரு கம்பியோ புளூடூத் இணைப்போ ஏற்பாடு செய்துகொள்ளலாம். இசைத்தட்டு வைத்திருப்பது தகுதியாகிவிடக் கூடாது. கேட்டதைச் சொல்லத் தெரிவதே இந்தக் கூட்டத்துக்கு வேண்டிய தகுதி.

தேர்வின் பெயர்களை முன்னமே எழுதி வாங்குவதில் வேறொரு நன்மையும் உண்டு. ஒரே பாடலை இருவர் கொண்டுவருவது இந்தப் பண்டிகையில் மிக இயல்பாக நேரும். அப்படி நேர்ந்தால் ஒருவரை மாற்றச் சொல்லாதீர்கள்; அதே பாடலை வேறொருவர் பாடிய பதிவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது மாலையின் சிறந்த பத்து நிமிடங்களாக அமையக்கூடும். இதற்கு உதாரணம் நான்காம் படியில் வருகிறது.

மூன்றாம் படி: குழந்தைகளின் வேளைக்கான தட்டுகள்

இந்தப் பகுதியின் அடித்தளம் பாபி பிக்கெட் 1962இல் பதிவு செய்த "மான்ஸ்டர் மேஷ்". அந்த ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி வெளிவந்த பில்போர்டு என்ற அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் அது முதலிடத்துக்கு வந்தது. பழைய பேய்ப்பட நடிகர் போரிஸ் கார்லாஃபின் குரலைப் பிக்கெட் போலச்செய்து பேசுகிறார். சவப்பெட்டி திறக்கும் ஒலியைத் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் பலகையிலிருந்து பிடுங்கி எடுத்தார்கள். கொப்பளிக்கும் கொப்பரையின் ஒலி, தண்ணீருக்குள் உறிஞ்சுகுழலால் ஊதியது. தட்டைப் போடுவதற்கு முன் இதைக் குழந்தைகளுக்குச் சொல்லி, ஒரு குவளைத் தண்ணீரும் உறிஞ்சுகுழலும் கொடுத்துப் பாருங்கள். பாடல் முடிந்த பிறகும் அவர்கள் அறையை விட்டு நகர மாட்டார்கள். இங்கிலாந்தில் பி.பி.சி. அதை முதலில் ஒலிபரப்ப மறுத்தது. 1973இல் மறுவெளியீடாக வந்தபோது அங்கே அது மூன்றாம் இடம் வரை ஏறியது. பதினொரு ஆண்டு கழித்தும் ஒரு விளையாட்டுப் பாடலுக்கு அப்படி ஓர் ஓட்டம் இருந்ததென்றால், விளையாட்டையும் எவ்வளவு அக்கறையோடு செய்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

ரே பார்க்கர் ஜூனியரின் "கோஸ்ட்பஸ்டர்ஸ்" 1984இல் வந்தது. கூட்டாகக் கூவிப் பதில் சொல்லும் இடம் அதில் இருப்பதால் வாசலில் நிற்கும் குழந்தைகளும் சேர்ந்துகொள்வார்கள். மைக்கேல் ஜாக்சனின் "திரில்லர்" இல்லாமல் இந்த வேளை நிறைவு பெறாது. ராட் டெம்பர்டன் எழுதி, குவின்சி ஜோன்ஸ் தயாரித்து, பேய்ப்பட நடிகர் வின்சென்ட் பிரைஸ் இறுதியில் பேசி முடிக்கும் அந்தப் பாடல், 1982 நவம்பர் இறுதியில், அதாவது ஹாலோவீன் கடந்து ஒரு மாதம் கழித்து வெளிவந்த தொகுப்பில் இடம்பெற்றது. எல்.பி. எனப்படும் நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டில் அது முதற்பக்கத்தின் கடைசிப் பாடல். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க வரிப்பள்ளத்தின் சுற்றளவு குறைந்து, அதே நேரத்துக்குக் கிடைக்கும் நீளமும் குறைவதால், உயர்ந்த சுரங்கள் சற்றுக் கரகரக்கும். ஊசி தேய்ந்திருந்தால் பிரைஸின் சிரிப்பு கரகரவென்று சிதைந்து கேட்கும். ஊசியைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆகவே விருந்தினர் வருவதற்கு முதல் நாளே அந்தக் கடைசி நிமிடத்தைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

டிஸ்னிலேண்ட் ரெக்கார்ட்ஸ் 1964இல் வெளியிட்ட பேய்வீட்டு ஒலித் தட்டு இன்னொரு புதையல். ஒரு பக்கத்தில் லாரா ஓல்ஷர் சிறுகதைகளைச் சொல்கிறார். மறுபக்கம் முழுவதும் சங்கிலி, காற்று, பூனை, கதவு என்று வெறும் ஒலிகள். ஒலிபெருக்கி ஒன்றைச் சன்னலோரம் வைத்து, இந்த இரண்டாம் பக்கத்தைத் தாழ்ந்த அளவில் தெருவுக்கு ஒலிக்க விடுங்கள். மிகச் சிறிய குழந்தைகள் வரும்போது நிறுத்திவிடுவது நல்லது. மிட்டாய் வாங்க வந்த மூன்று வயதுக் குழந்தை அழுதுகொண்டு திரும்பினால், அதற்குப் பிறகு எந்தப் பாட்டும் நமக்கு இனிக்காது.

நான்காம் படி: இருட்டின் வேளை

எட்டு மணிக்குப் பிறகு அறை விளக்குகளைக் குறைத்துவிட்டு, இரண்டு நிமிடம் எதையும் ஒலிக்கவிடாமல் இருங்கள். இது அலங்காரத்துக்காகச் சொல்வது அன்று. முதல் இரண்டு மணி நேர ஆரவாரத்தில் பழகிய காது, அமைதி கிடைத்தால்தான் நுண்ணிய ஒலிகளுக்குத் திறக்கும்.

முதலில் பிரெஞ்சு இசையமைப்பாளர் செயின்-சான்ஸ் 1874இல் அமைத்த "டான்ஸ் மகாப்ர்" (மரண நடனம்) என்ற ஏழு நிமிட வாத்திய இசையைப் போடுங்கள். ஹார்ப் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு முறை மீட்டி நள்ளிரவை அறிவிக்கிறது. பின்னர் மரணம் தன் வயலினை எடுக்கிறது. அந்த வயலினின் மிக உயர்ந்த தந்தி வழக்கத்தைவிட அரைச் சுரம் தாழ்த்திச் சுருதி கூட்டப்பட்டிருக்கும். அதனால் அடுத்த தந்தியோடு சேர்த்து மீட்டும்போது, மேற்கத்திய இசையில் நெடுங்காலமாகச் சாத்தானோடு இணைத்துப் பேசப்பட்ட இடைவெளி பிறக்கிறது. எலும்புகள் உரசும் ஒலிக்குச் சைலோபோனும், இறுதியில் விடியலைச் சொல்லும் சேவலுக்கு ஓபோவும் வருகின்றன. கதையை முன்னால் சொல்லிவிட்டுப் போட்டால் மேற்கத்தியச் செவ்வியல் இசை கேட்டுப் பழக்கமில்லாதவர்களும் ஒவ்வொரு கட்டத்தையும் அடையாளம் காண்பார்கள்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தச் சாத்தான் இடைவெளி என்பது நமக்கு ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம் வரை உள்ள தூரம்தான். 72 மேளகர்த்தா எனப்படும் தாய் ராகங்களில் 37ஆவதிலிருந்து எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கல்யாணி ராகத்தில் அதைக் கேட்டு யாரும் நடுங்கியதில்லை. ஆக, அச்சம் சுரத்தில் மட்டும் இல்லை. அது எங்கே எப்படித் தனித்து நிறுத்தப்படுகிறது என்பதில் இருக்கிறது. இதை என் வீட்டில் ஒரு முறை தம்பூராவைச் சுருதியாக வைத்துப் பாடிக் காட்டினோம். அதற்குப் பிறகு பிளாக் சபாத் என்ற ராக் குழுவின் முதல் தொகுப்பைப் போட்டபோது எல்லோருடைய காதும் அந்த இடத்திலேயே போய் நின்றது.

1969 அக்டோபரில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டு, 1970 பிப்ரவரி 13 என்ற வெள்ளிக்கிழமை வெளிவந்த தொகுப்பு அது. மழையும் தொலைவில் ஒலிக்கும் மணியும் இடியுமாகத் தொடங்கி, கிட்டார் மூன்றே சுரங்களில் மெதுவாக நகர்கிறது. மூன்றாவது சுரம் மேலே சொன்ன அதே இடைவெளியில் விழுகிறது. செயின்-சான்ஸுக்கு அடுத்தே இதைப் போடுங்கள். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட நூறு ஆண்டு தூரம் இருந்தாலும், ஒரே கதவின் வழியாகவே இரண்டும் உள்ளே வருகின்றன என்று எவரும் விளக்காமலேயே கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, இரண்டு பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்கும் பகுதி. ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் 1956இல் பதிவு செய்த "ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ" முதலில் ஓர் அமைதியான காதல் பாடலாகவே எண்ணப்பட்டது. பதிவுக் கூடத்தில் எல்லோரும் குடித்திருக்க, அது முனகலும் கர்ச்சனையுமாக மாறிப்போயிற்று. வானொலி நிலையங்கள் பல அதை ஒதுக்கின. ஹாக்கின்ஸோ மேடையில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து பாடத் தொடங்கினார். அதே பாடலை 1965இல் நினா சிமோன் பாடினார். அவர் குரலில் கூச்சல் இல்லை; வயலின்களின் மேல் அமைதியாக நின்று, விட்டுத் தரமாட்டேன் என்கிறார். ஹாக்கின்ஸின் பதிவு சிரிக்க வைக்கிறது, சிமோனின் பதிவு உண்மையாகவே அச்சுறுத்துகிறது என்பது என் கருத்து. உங்கள் கூட்டத்தில் இதற்கு எதிர்க்கருத்து எழுந்தால் இரண்டையும் மறுபடி ஒருமுறை ஒலிக்கவிடத் தயங்க வேண்டாம்.

அடுத்து ஜான் கார்பென்டர் தன்னுடைய 1978ஆம் ஆண்டுப் படமான "ஹாலோவீன்"க்காகத் தானே அமைத்த முகப்பிசை. ஐந்து எண்ணிக்கையில் அமைந்த பியானோ. நான்கில் முடிந்துவிடும் என்று காத்திருக்கும் காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு எண்ணிக்கை மிஞ்சுகிறது. யாரோ ஓர் அடி கூடுதலாக எடுத்துவைத்து நெருங்குவதைப் போன்ற உணர்வு அதனாலேயே வருகிறது. ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபுவில் பழகிய கைகள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் அச்சம் சற்றுக் குறையலாம். இந்த ஐந்து எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பகுதியில் அது வேறொரு முகத்தோடு திரும்பி வரும்.

பௌஹாஸ் குழு 1979இல் வெளியிட்ட "பேலா லுகோசிஸ் டெட்" ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் பன்னிரண்டு அங்குலத் தட்டு. பாடகர் வாயைத் திறப்பதற்குள் நிமிடக்கணக்கில் தாளக்கருவியும் கிட்டாரின் எதிரொலியும் மட்டுமே. இதை இருண்ட வேளையின் முடிவில் வையுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள், மேலே பேசாதீர்கள். இந்தப் பகுதிக்கு விருந்தினர் கொண்டுவந்தவை, நான் சொன்னவற்றுக்கு நடுவே அவர்கள் விரும்பும் இடத்தில் அமரட்டும். நான் குறிப்பிட்டவை அனைத்தும் கட்டாயம் என்பதில்லை. நான்கு பேர் நான்கு நல்ல தட்டுகளோடு வந்தால் என் பட்டியலில் பாதியை விட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: இலையுதிர்காலத்துக்குத் திரும்புதல்

விளக்கைச் சற்றுக் கூட்டி, சூடான ஆப்பிள் சைடரையோ இஞ்சித் தேநீரையோ கொடுத்து ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். பிறகு ஜாஸ் இசைக்கலைஞர் கேனன்பால் அடர்லியின் "சம்திங் எல்ஸ்" தொகுப்பின் முதற்பக்கத்தில் ஊசியை வையுங்கள். 1958 மார்ச்சில் புளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவான இந்தத் தட்டின் முதல் உருப்படியே "ஆட்டம் லீவ்ஸ்". கிட்டத்தட்ட பதினொரு நிமிடம். ஜோசப் காஸ்மா 1945இல் அமைத்த மெட்டுக்குப் பிரெஞ்சுக் கவிஞர் ழாக் பிரெவெர் சொற்களைத் தந்தார். பின்னர் ஜானி மெர்சர் ஆங்கிலத்தில் எழுதினார். 1955இல் ரோஜர் வில்லியம்ஸின் பியானோ வடிவம் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அந்தப் பியானோ வடிவத்தில் இலைகள் மழையாகக் கொட்டுகின்றன. அடர்லியின் தட்டில் மைல்ஸ் டேவிஸ் அடைப்பானிட்ட டிரம்பெட்டில் வாசிக்கும்போது ஒரு நேரத்துக்கு ஓர் இலைதான் விழுகிறது. இந்த இரவுக்கு இரண்டாவதே பொருத்தம்.

அதற்கு அடுத்து நிக் டிரேக்கின் "ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்". 1969இல் வந்த இந்த முதல் தொகுப்பின் பெயர் கேட்பதற்கு இலையுதிர்காலத்தைச் சொல்வதுபோல் இருந்தாலும், அது ரிஸ்லா சிகரெட்டுத்தாள் கட்டில் தாள் தீரப்போவதை அறிவிக்கும் குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. முதற்பக்கத்தின் இரண்டாம் பாடலான "ரிவர் மேன்" வரும்போது யாரும் எதையும் சொல்லாமல் இருங்கள். அதுவும் ஐந்து எண்ணிக்கைதான். ஒரு மணி நேரத்துக்கு முன் யாரோ பின்னால் வருவதைப் போலக் கேட்ட அதே எண்ணிக்கை, இங்கே விரல்களில் கிட்டாரும் மேலே தந்திக் குழுவுமாக, கரை தட்டாமல் நகரும் ஆறாக ஓடுகிறது. என் கூட்டத்தில் ஒரு முறை ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் ஐந்து ஐந்தாக எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மாலை முழுவதையும் வரிசைப்படுத்த நான் எடுத்துக்கொண்ட உழைப்புக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வான் மாரிசனின் "மூன்டான்ஸ்" 1970ஆம் ஆண்டுத் தொகுப்பு. அதன் தலைப்புப் பாடலில் அக்டோபர் வானமும் உதிரும் இலையும் வருகின்றன. துயரம் கூடிவிட்டது என்று தோன்றினால் அறையை மறுபடி வெதுவெதுப்பாக்க அது உதவும். டொராண்டோவில் பிறந்த நீல் யங்கின் "ஹார்வெஸ்ட் மூன்" 1992இல் வந்தது. இலையுதிர்காலச் சம இரவு நாளை ஒட்டி வரும் முழுநிலவின் பெயரைத் தாங்கிய பாடல். அதன் தாளத்தில் கேட்கும் மென்மையான உராய்வு, துடைப்பத்தால் பெருக்கும் ஓசை. முற்றத்தில் சருகு பெருக்கும் ஒலியைக் கேட்டு விழித்த நினைவு உள்ளவர்களுக்கு அது சட்டென்று மனத்தைத் தொடும்.

ஆறாம் படி: தட்டுகளும் கருவியும்

இதைப் படித்து முடித்தவுடன் செய்ய வேண்டிய வேலை, கருவி வைத்திருக்கும் தரையைச் சோதிப்பது. வட அமெரிக்க வீடுகளின் மரத்தரை, குழந்தைகள் குதித்தால் அதிரும். அதிர்ந்தால் ஊசி தாவும். தாவினால் தட்டில் கீறல் விழும். தோட்டக்கடையில் கிடைக்கும் கனமான நடைபாதைக் கல் ஒன்றை அலமாரியின் மேல் வைத்து, அடியில் ரப்பர் துண்டுகள் கொடுத்து, அதன்மேல் கருவியை வைத்தால் பெரும்பகுதி அதிர்வு அடங்கும். சுவரில் பொருத்திய பலகை அதைவிடவும் நல்லது. ஊசியின் அழுத்தத்தை, அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைத் தயாரித்தவர் சொன்ன அளவில் வையுங்கள். பெரும்பாலானவற்றுக்கு அது ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை இருக்கும். தாவுகிறது என்று அழுத்தத்தைக் கூட்டுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து கொடுப்பதாகும்.

இந்தப் பருவத்துக்கே உரிய தொல்லை நிலைமின்சாரம். அக்டோபரில் வீட்டு வெப்பமூட்டி ஓடத் தொடங்கியதும் காற்று உலர்ந்துவிடுகிறது. தட்டை உறையிலிருந்து உருவும்போதே அதில் மின்னூட்டம் ஏறி, தூசியை இழுத்து, கேட்கும்போது படபடவென்று வெடிக்கிறது. கார்பன் இழைத் தூரிகையைச் சுழலும் தட்டின் மேல் இரண்டு சுற்று மெல்ல வைத்து எடுப்பதும், காகித உள்ளுறைக்குப் பதிலாக நிலைமின்சாரம் தடுக்கும் உள்ளுறை போடுவதும், அறையில் ஈரப்பதமூட்டி வைப்பதும் உதவும். விருந்தினர் குளிர்ந்த காரிலிருந்து கொண்டுவரும் தட்டுகளை உடனே உருவாதீர்கள். வெதுவெதுப்பான அறைக்குள் அவற்றின் மேல் ஈரம் படியும். உறைக்குள்ளேயே அரை மணி நேரம் நிறுத்திவைத்துப் பிறகு எடுங்கள். மெழுகுவத்திகளைக் கருவியிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். தட்டின் பிளாஸ்டிக் சூட்டில் எளிதாக நெளிந்துவிடும். செயற்கைப் புகை உண்டாக்கும் கருவியை வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அதன் நீர்மம் அறைக்குள் எல்லாவற்றின் மேலும் மெல்லிய படலமாகப் படியும்.

வேகமும் கவனிக்க வேண்டியது. எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, சிறிய ஒற்றைப்பாடல் தட்டு 45 சுற்று. சில பன்னிரண்டு அங்குலத் தட்டுகளும் 45இல் ஓடும் என்பதால் நடுவிலுள்ள சீட்டைப் படித்துவிட்டு ஊசியை இறக்குங்கள். அமெரிக்க 45 தட்டுகளின் நடுத்துளை பெரியது. அதற்கான பொருத்துவளையம் ஒன்றை முன்னமே வாங்கி வையுங்கள். யாராவது தாத்தாவின் 78 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தால், எல்.பி. ஊசியில் அதைப் போடவே கூடாது. அதன் பள்ளத்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமான ஊசி தேவை.

ஏழாம் படி: பகிரும் முறை

ஒவ்வொருவரும் தம் தட்டைப் போடுவதற்கு முன் இரண்டு நிமிடம் பேசலாம். என்ன பேசுவது என்பதில் ஒரு வரையறை வைத்திருக்கிறேன். பாடல் நல்லது என்று புகழ வேண்டாம். அதை முதலில் எங்கே, யாரோடு கேட்டீர்கள், எந்த இடத்தில் காதை வைத்துக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். "மூன்றாவது நிமிடத்தில் டிரம் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள்" என்ற ஒரு வாக்கியம், பாடகரின் வாழ்க்கை வரலாறு முழுவதையும்விடப் பயன் தரும். பாடல் ஓடும்போது அட்டை உறை கைமாறிச் சுற்றி வரட்டும். எல்.பி.யின் ஒரு பக்கம் இருபது நிமிட அளவில் இருக்கும். மூன்றாம் பகுதியில் ஒரே ஒருமுறையாவது ஒரு பக்கம் முழுவதையும் இடையில் ஊசியைத் தூக்காமல் கேளுங்கள்.

ஒலித்தவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வையுங்கள்: தட்டின் பெயர், பக்கம், கொண்டுவந்தவர், நேரம். மறுநாள் அந்த வரிசையிலேயே ஒரு பாடற்பட்டியலை ஏதேனும் ஒலியோடைச் சேவையில் அமைத்து, இணைப்பை எல்லோருக்கும் அனுப்பலாம். பாடல்களை ஒன்றோடொன்று கலந்து ஓட்டும் வசதியையும், வரிசையைக் குலைத்து ஓட்டும் வசதியையும் அணைத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தட்டிலிருந்து படியெடுத்த கோப்புகளைச் சுற்றுக்கு விட வேண்டாம். இசைத்தவர்களுக்குச் சேர வேண்டியது சேரட்டும்.

தொலைவில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால் நேரக் கணக்கில் கவனம் வேண்டும். டொராண்டோவில் 31ஆம் தேதி இரவு ஒன்பது மணி என்பது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மறுநாள் காலை ஆறரை. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே தேதியில் வந்தபோது, அங்கே வெடி முடித்து உறங்கி எழுந்த நண்பர் ஒருவர் இங்கே எங்கள் இருட்டு வேளையில் இணைந்துகொண்டார். இலண்டனோடு கணக்கு இன்னும் நுட்பமானது. பிரிட்டனில் அக்டோபரின் கடைசி ஞாயிறன்றும், இங்கே நவம்பரின் முதல் ஞாயிறன்றும் கடிகாரம் பின்தள்ளப்படுவதால், ஹாலோவீன் மாலை எப்போதும் அந்த இடைவெளி வாரத்துக்குள்ளேயே விழுகிறது. அன்று இரு நகரங்களுக்கும் வழக்கமான ஐந்து மணிக்குப் பதிலாக நான்கு மணி நேரமே வேறுபாடு.

தட்டை இரவல் கொடுத்தால் அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அஞ்சலில் அனுப்ப நேர்ந்தால் தட்டை அட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டைக்குப் பின்னால் தனியாக வைத்து, இருபுறமும் கெட்டியான பலகையட்டை கொடுத்துக் கட்டுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் தட்டின் விளிம்பு அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். பெட்டியின் மேல் படுக்கவைத்து அடுக்க வேண்டாம் என்று எழுதுவதும், வந்துசேர்ந்ததும் பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் அறைச்சூட்டுக்கு வரவிடச் சொல்வதும் குளிர்காலம் நெருங்கும் நாட்களில் தேவை.

எட்டாம் படி: கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மணி நேரம்

கடிகாரம் பின்தள்ளப்படும் நவம்பர் ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை இரவு, அதிகாலை இரண்டு மணி மறுபடி ஒரு மணியாகிறது. ஹாலோவீன் கூட்டத்தில் நேரம் போதாமல் ஒலிக்காமற்போன தட்டுகளுக்கு இந்த இரவை ஒதுக்கிவைக்கிறேன். அலங்காரம் ஏதும் வேண்டியதில்லை. வாசலில் வாடத் தொடங்கிய பரங்கிக்காயை உள்ளே கொண்டுவராமல் அப்படியே விட்டுவிட்டு, மூன்று நான்கு பேர் மட்டும் கூடி, குறிப்பேட்டில் "பிறகு" என்று எழுதிய பெயர்களை வரிசையாக எடுக்கிறோம். இம்முறை பேச்சுக்கு வரையறை கிடையாது, பக்கத்தைப் பாதியில் மாற்றுவதும் கிடையாது. இரண்டு மணியாகும்போது யாராவது எழுந்து சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் திருப்புவார். திருப்பியவரே அடுத்த தட்டையும் தேர்ந்தெடுப்பார்.